பன்னிரண்டாம் எண் பாட்டில்

தொழிற்சாலையில் எனக்குப் பின்னால் வைத்திருக்கும் பெயர் மோப்பம். முன்னால் வந்தால் மேடம். பெயர் வைத்தவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஒரு டப்பாவின் மூடி ஒழுங்காக மூடியிருந்தால், யார் இவ்வளவு அக்கறையாக மூடியது, ஏன் மூடியது என்று யோசிக்கிற ஆள் நான். வீட்டிலும் அப்படித்தான். கணவர் கேட்காமலே டீ போட்டுக் கொடுத்தால், குடிப்பதற்கு முன் என்ன உடைந்தது என்று கேட்பேன். பெரும்பாலும் ஏதாவது உடைந்துதான் இருக்கும்.

நான் இங்கே கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரி. எங்கள் இடத்தில் இருட்டிலும் தெரிகிற மீட்டர் முட்கள் செய்கிறோம். விமானம், கப்பல், சுரங்கம் என்று விளக்கு நின்றுபோனாலும் ஆள் பார்த்தே ஆகவேண்டிய இடங்களுக்கு அவை போகும். முள்ளின் நடுவில் தலைமுடி அகலத்துக்கு ஒரு பள்ளம் இருக்கும். அதில் ஊசியால் பூச்சை நிரப்பவேண்டும். பூச்சில் ட்ரிடியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்திருக்கிறது. மின்சாரமும் இல்லாமல் பேட்டரியும் இல்லாமல் வருஷக்கணக்கில் முள்ளைப் பச்சையாக ஒளிர வைப்பது அதுதான். அதன் கதிர் பலவீனமானது, தோலைத் தாண்டாது. ஆனால் மூச்சு வழியாகவோ கை வழியாகவோ உள்ளே போய்விட்டால், உடம்பிலுள்ள தண்ணீரோடு தண்ணீராகக் கலந்துவிடும். கலந்தது சிறுநீரில் வெளியே வரும்.

அதனால் மாதத்தின் முதல் திங்கட்கிழமை, பூச்சு மேசையில் உட்காருகிற பதினெட்டுப் பெண்களும் ஆளுக்கு ஒரு பாட்டில் எனக்குத் தரவேண்டும். அரசின் கதிரியக்கக் கட்டுப்பாட்டு அலுவலகம் எங்களுக்கு உரிமம் கொடுத்திருப்பதே இந்தப் பாட்டில்களை நம்பித்தான். பாட்டிலின் மேல் பெயர் இருக்காது, எண் மட்டும் இருக்கும். என் அறையில் இருக்கிற இயந்திரம் அதிலுள்ள ட்ரிடியத்தை அளந்து ஒரு எண் சொல்லும். இந்தப் பக்கமே வராத ஆளுக்குப் பூஜ்யத்தை ஒட்டி வரும். எங்கள் மேசைப் பெண்களுக்கு நாற்பதிலிருந்து எழுபது வரை. நூறைத் தாண்டினால் நான் விசாரிக்கவேண்டும். இருநூறு என்றால் அவளை மேசையிலிருந்து எழுப்பிவிடவேண்டும். பதினொரு வருஷத்தில் இரண்டே முறைதான் நூறைத் தாண்டியிருக்கிறது. யார் வந்து கேட்டாலும், "ஒண்ணும் ஆகாது, அளவு கம்மி" என்று சொல்லி அனுப்புவேன். சொல்லிச் சொல்லி அது வாயில் பழகிவிட்டது.

விதிப்படி பாட்டிலை இங்கேயே வந்துதான் நிரப்பவேண்டும். பதினெட்டுப் பேருக்கும் ஒரே கழிவறை, திங்கட்கிழமை காலையில் வரிசை வாசல்வரை நிற்கும், முதல் ஒரு மணி நேரம் வேலையே நடக்காது. வீட்டிலிருந்தே எடுத்து வாருங்கள் என்று சொன்னது நான்தான். அவர்களும் ஞாயிற்றுக்கிழமையே எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துக் கொண்டுவருவார்கள். என் மேசைப் பெட்டியில் பதினெட்டுப் பாட்டிலும் சில்லென்று உட்கார்ந்திருக்கும்.

பன்னிரண்டாம் எண் ஊசியுடையது. ஊசி என்பது மேசையில் வைத்த பெயர். மற்றவர்கள் மூன்று தடவை தொட்டு நிரப்புகிற பள்ளத்தை அவள் ஒரே இழுப்பில் நிரப்பிவிடுவாள். இருபத்தொன்பது வயது, ஒல்லி, அதிகம் பேசமாட்டாள். ஆறு வருஷமாக அவள் எண் ஐம்பதைச் சுற்றியே வந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு மாதம் திடீரென்று பூஜ்யத்தை ஒட்டி வந்தது.

முதலில் இயந்திரத்தைச் சந்தேகப்பட்டேன். மறுபடி அளந்தேன், அதே பூஜ்யம். அடுத்த மாதம் ஐந்து. இந்த மாதம் பதிமூன்று. பக்கத்தில் உட்கார்ந்து அதே காற்றை இழுக்கிறவளுக்கு ஐம்பத்திரண்டு வரும்போது இவளுக்குப் பதிமூன்று வருகிறது என்றால் கணக்கு உதைக்கிறது.

மானேஜரிடம் போய்ச் சொன்னேன்.

"குறைஞ்சா நல்லதுதானே மேடம்? கூடினா கத்துறீங்க, குறைஞ்சாலும் கத்துறீங்க."

"குறையறதுக்கு ஒரு காரணம் இருக்கணும் சார்."

"நல்லா கை கழுவுறா போல."

"கை கழுவினா அம்பது பதிமூணா ஆகாது."

"அடுத்த வாரம் கட்டுப்பாட்டு ஆபீஸ்லேர்ந்து ஆய்வுக்கு வராங்க. அவங்க பார்க்கிற ஃபைல்ல ஒரு நல்ல நம்பர் இருந்துட்டுப் போகட்டுமே. உங்களுக்கு என்ன கஷ்டம்?"

மானேஜர் கெட்டவர் இல்லை. எதையும் நாளைக்குத் தள்ளிப்போடுகிற மனிதர், அவ்வளவுதான். காற்றுக் குழாயின் வடிகட்டியை மாற்ற நான் நான்கு கடிதம் எழுதினேன். ஸ்டோர் கதவின் தாழ்ப்பாளுக்கு மூன்று. கோட் துவைக்கிற மெஷின் கெட்டு இரண்டு மாதம் ஆகப்போகிறது, அதற்கு எத்தனை எழுதினேன் என்பதே மறந்துவிட்டது. அவரை நம்பி உட்கார்ந்தால் பதிமூன்று பதிமூன்றாகவே ஃபைலுக்குள் போய்விடும் என்று தோன்றியது.

தண்ணீர் கலக்கிறாளா என்று பார்த்தேன். அதற்கு ஒரு காகிதப் பட்டை இருக்கிறது, நனைத்தால் நிறம் மாறிச் சொல்லிவிடும். தண்ணீர் கலக்கவில்லை. அப்போதுதான் எனக்கு இப்படித் தோன்றியது. இவள் எங்கேயோ பூச்சைக் கொட்டியிருக்கிறாள். மேலே பட்டிருக்கிறது, உள்ளே போயிருக்கிறது. உண்மையான எண் இருநூறோ முந்நூறோ இருக்கும். அது தெரிந்தால் மேசையிலிருந்து எழுப்பிவிடுவார்கள் என்று, வீட்டில் யாருடைய சிறுநீரையோ எடுத்து அதில் தன்னுடையதைக் கொஞ்சம் கலந்து கொடுக்கிறாள். முதல் மாதம் பயத்தில் கலக்காமலே கொடுத்தாள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கிறாள். பூஜ்யம், ஐந்து, பதிமூன்று. இப்படிப் பார்த்தால் எல்லாம் பொருந்தியது. பொருந்தியதும் எனக்குக் கோபம் வந்தது, கூடவே அவளை நினைத்துப் பயமும் வந்தது. முந்நூறை உடம்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி சும்மா சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என்று இருந்தது.

மதிய இடைவேளையில் யாரும் இல்லாதபோது அவள் மேசையை வட்டக் காகிதங்களால் துடைத்து எடுத்தேன். காகிதத்தில் ஒட்டுவதை இயந்திரம் அளந்து சொல்லும். மேசையின் விளிம்பு, நாற்காலியின் கை, இழுப்பறை, அவளுடைய அலமாரிக் கதவு. எல்லாம் மற்றவர்களுடையதைவிடச் சுத்தம். அது என் சந்தேகத்தை இன்னும் கிளப்பியது. ஒன்றும் கொட்டாதவள் எதற்கு இப்படித் துடைத்து வைக்கிறாள்?

அதன் பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவளைப் பார்த்தேன். பூச்சு அறைக்கும் என் அறைக்கும் நடுவில் கண்ணாடிச் சுவர் உண்டு. பத்தரைக்கு ஒரு தடவை எழுந்து போனாள். பதினொன்றே காலுக்கு மறுபடி. திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தது. மதியம் மற்ற பெண்களோடு சாப்பிட உட்காராமல் மாடிப்படியில் தனியாக ஒரு காய்ந்த ரொட்டியை வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். டீயைத் தொடவில்லை, பக்கத்து மேசைக்காரியிடம் தள்ளிவிட்டாள். கோட் வேறு ஒரு அளவு பெரிதாகப் போட்டிருந்தாள். எதையோ கழுவுகிறாள், எதையோ மறைக்கிறாள், பயத்தில் சாப்பாடு இறங்கவில்லை என்று நோட்டில் எழுதி வைத்தேன். அந்த நோட்டை இப்போது எடுத்துப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

புதன்கிழமை காலை, முன்னறிவிப்பு இல்லாமல் காலி பாட்டில் பெட்டியோடு பூச்சு அறைக்குள் போனேன்.

"இன்னிக்கு எல்லாரும் ஒரு தடவை இங்கயே குடுக்கணும்."

மேசைப் பெண்களில் குரல் பெரிய ஒருத்தி உண்டு. அவள் பெயர் லவுட்ஸ்பீக்கர். "மேடம், முந்தாநாள்தானே குடுத்தோம்? மாசத்துக்கு ஒரு தடவைதான் பேச்சு."

"ஆய்வுக்கு முன்னாடி ஒரு தடவை சரிபார்க்கிறேன்."

"எங்களையா, மெஷினையா?"

"ரெண்டையும்."

"அப்ப மெஷினையும் வரிசையில நிக்கச் சொல்லுங்க" என்றாள். அறை முழுக்கச் சிரித்தது. ஊசி சிரிக்கவில்லை. அவள் கையிலிருந்த ஊசி முதல்முறையாகப் பள்ளத்தை விட்டு விலகி முள்ளின் ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு போட்டதை நான் பார்த்தேன்.

பதினோரு மணிக்குள் பதினேழு பாட்டில் வந்துவிட்டது. பன்னிரண்டாம் எண் வரவில்லை. "வரல மேடம்" என்றாள். மதியம் கேட்டேன், வரல. காலையிலிருந்து அவள் ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது கண்ணாடி வழியாக எனக்குத் தெரியும். மூன்றரைக்கு என் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டு, அவள் முன்னால் ஒரு சொம்புத் தண்ணீரை வைத்தேன்.

"குடி."

"தாகம் இல்ல மேடம்."

"எங்க கொட்டின?"

"என்னது மேடம்?"

"பூச்சு. எங்க கொட்டின, எப்ப கொட்டின, உன் மேல பட்டுச்சா, அதை மட்டும் சொல்லு. வேலை போகாம நான் பார்த்துக்கிறேன். மறைச்சேன்னா உன் உடம்புதான் போகும்."

"நான் எதையும் கொட்டல."

"அப்ப பாட்டில்ல யாரோடதைக் கலக்கிற?"

"கலக்கல மேடம்."

"எனக்குக் காது குத்தாத. பதிமூணு எப்படி வந்துச்சு?"

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "கலக்கல. முழுசா அவங்களோடதுதான்."

"யாரோடது?"

"அண்ணியோடது. எங்க வீட்டுக்காரரோட அக்கா. எங்க கூடத்தான் இருக்காங்க." சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். சத்தம் வராத அழுகை. வெளியே பதினேழு பேர் கண்ணாடி வழியாகப் பார்க்கிறார்கள் என்று முதுகை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு, தன் வயிற்றிடம் சொல்வதுபோல் குனிந்து சொன்னாள். "நாலாவது மாசம்."

மேசையில் கிடந்த என் நோட்டைப் புரட்டினேன். முகம் கழுவியது, காய்ந்த ரொட்டி, டீயைத் தள்ளிவிட்டது, பெரிய கோட். பிள்ளை பெற்ற எவளிடமாவது என் நோட்டைக் காட்டியிருந்தால் அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பாள். நான் அவளுக்குள் முந்நூறு இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

எங்கள் உரிமத்தில் ஒரு விதி உண்டு. கர்ப்பம் என்று சொன்ன மறுநாளே அந்தப் பெண்ணைப் பூச்சு மேசையிலிருந்து மாற்றிவிடவேண்டும். மாற்றுகிற இடம் பேக்கிங் அறை. அங்கே வேறு யாரையும் நாங்கள் உட்கார வைப்பதில்லை என்பதால் அதற்குப் பிரசவ வார்டு என்றே பெயர். ஒருத்தி அந்தக் கதவுக்குள் நுழைந்தாள் என்றால் அன்று மாலைக்குள் கேட் வாட்ச்மேன்வரை எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

"இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை சொன்னேன்ல மேடம். ரெண்டு தடவையும் அங்க அனுப்பினீங்க. ஒரு தடவை ஆறு வாரம், ஒரு தடவை ஒன்பது வாரம் உட்கார்ந்திருந்தேன். ரெண்டு தடவையும் கலைஞ்சு போனப்புறம் அங்கேர்ந்து நடந்து திரும்பி என் மேசைக்கு வந்தேன். எல்லாரும் பார்த்தாங்க. யாரும் ஒரு வார்த்தை கேக்கல. அதுதான் என்னால தாங்க முடியல. இந்தத் தடவை அஞ்சு மாசம் தாண்டினப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். நீங்கதான் ஒண்ணும் ஆகாது, அளவு கம்மின்னு சொல்வீங்களே."

"அதுக்கு எதுக்குப் பாட்டிலை மாத்தின?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இதுகூடத் தெரியாதா என்கிற பார்வை. "யூரின் டெஸ்ட்ல தெரிஞ்சிடுமே மேடம்."

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. "இந்த மெஷினுக்குப் பிள்ளையும் தெரியாது, சர்க்கரையும் தெரியாதும்மா. ட்ரிடியம் ஒண்ணுதான் தெரியும்."

"நிஜமாவா?"

"நிஜமா."

"அப்ப நான் சும்மாவே பயந்தேனா" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டே அவளும் சிரித்தாள். பதினொரு வருஷமாகப் பாட்டில் வாங்கியிருக்கிறேன். அதில் எதைப் பார்க்கிறேன் என்று இவர்களில் ஒருத்திக்குக்கூட ஒழுங்காகச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தண்ணீரைக் குடித்தாள். போய் பாட்டிலை நிரப்பிக் கொண்டுவந்து வைத்தாள். நாளை முதல் பேக்கிங் அறை, வேறு வழியில்லை என்று சொன்னேன். தலையை ஆட்டினாள். எனக்கு மனசு லேசாகிவிட்டது. கொட்டவும் இல்லை, முந்நூறும் இல்லை. ஒரு பயந்த பெண் பாட்டிலை மாற்றியிருக்கிறாள், அவ்வளவுதான். பதிவேட்டைத் திறந்து அவள் எண்ணுக்கு நேரே எழுத ஆரம்பித்தேன். மூன்று மாதங்களும் பாட்டில் மாற்றப்பட்டுள்ளது, அவை தொழிற்சாலைக்கே வராத வெளியாள் ஒருவருடையவை.

அங்கே பேனா நின்றது.

தொழிற்சாலைக்கே வராத வெளியாள். வெளியாளுக்குப் பூஜ்யம் வரவேண்டும். முதல் மாதம் வந்தது. இரண்டாவது மாதம் ஐந்து. மூன்றாவது மாதம் பதிமூன்று. ஊசி தன்னுடையதை ஒரு சொட்டுகூடக் கலக்கவில்லை.

"உங்க அண்ணி எங்க வேலைக்குப் போறாங்க?"

"எங்கயும் போகலயே. வீட்டுலயே தையல்."

"இந்தப் பக்கம் எப்பவாவது வந்திருக்காங்களா? கேட் வரைக்கும்?"

"இல்ல மேடம். பஸ் ஏறினாலே அவங்களுக்குத் தலை சுத்தும்."

"வீட்டுக்கு இங்கேர்ந்து ஏதாவது எடுத்துட்டுப் போனியா? முள்ளு, ஊசி, பூச்சுக் குப்பி?"

"சத்தியமா இல்ல." வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "கோட் மட்டும்தான். அது நீங்க சொல்லித்தானே?"

என் முதுகுக்குப் பின்னால் சுவரில் அந்த அறிவிப்பு ஒட்டியிருந்தது. திரும்பிப் பார்க்கவேண்டிய அவசியம் இல்லை, எழுதியது நான்தான். துவைக்கும் இயந்திரம் பழுதாகியிருப்பதால், இரண்டு வாரங்களுக்கு மட்டும், வேலைக் கோட்டுகளை வீட்டுக்கு எடுத்துச் சென்று துவைத்து வரலாம். கீழே என் கையெழுத்து. பாதுகாப்பு உடை வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று உரிமத்தில் இருப்பது எனக்குத் தெரியாததல்ல. முதல் வாரம் பதினெட்டுக் கோட்டையும் காகிதத்தால் துடைத்து அளந்துதான் அனுப்பினேன். எண் கீழேதான் இருந்தது. மேலே ஒட்டியிருப்பதுதான் காகிதத்தில் வரும், துணிக்குள் ஊறியது வராது என்பதை நான் யோசிக்கவில்லை. இரண்டாவது வாரத்திலிருந்து துடைப்பதையும் விட்டுவிட்டேன். இரண்டு வாரம் எட்டு வாரமாகிவிட்டது.

"கோட்டை யார் துவைக்கிறது?"

"அண்ணிதான். நான் குனிய வேண்டாம்னு அவங்களே எடுத்துக்கிட்டாங்க."

"மெஷின்லயா?"

"எங்க வீட்டுல ஏது மெஷின்? கையாலதான்."

"எங்க காயப் போடுறாங்க?"

"ரூம்லதான். வெளில கொடி கட்ட இடமில்ல."

"யாரு படுக்கிற ரூம்?"

"ஒரே ரூம்தான் மேடம்."

மூடியிருந்த டப்பாவைக்கூடச் சந்தேகப்பட்டவள் நான். என் கையெழுத்தை மட்டும் சந்தேகப்படவில்லை. எதிரில் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏன் மேடம்? எதுக்குக் கேக்கறீங்க?" என்றாள். இன்றைக்குக் கோட் வீட்டுக்குப் போகக் கூடாது, வீட்டில் ஏதாவது கோட் காய்ந்துகொண்டிருந்தால் கையுறை போட்டு எடுத்து ஒரு பையில் கட்டி வெளியே வைக்கச் சொல், ஜன்னலைத் திறந்து வை, நாளைக்கு நான் சொல்கிறேன் என்றேன். அவளுடைய புதுப் பாட்டிலிலிருந்து கொஞ்சம் எடுத்து இயந்திரத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

கதவைத் திறந்ததும் சமையலறை வாசலுக்குக் குறுக்கே கட்டிய கயிற்றில் என் கோட் தொங்கிக்கொண்டிருந்தது. நானும் பூச்சு அறைக்குள் போகிறவள். எல்லாரையும் போல எனக்கும் மாற்றிப் போட இரண்டு கோட் உண்டு. என் வீட்டில் துவைக்கிறவர் கணவர்.

"என்ன, வந்ததும் வராததுமா அதையே முறைக்கிற? காலர்ல கறை போகல, ரெண்டு தடவை தேய்ச்சேன்" என்றார்.

"கையாலயா தேய்ச்சீங்க?"

"பின்ன காலாலயா?"

பையிலிருந்து ஒரு காலி பாட்டிலை எடுத்து நீட்டினேன். அவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "கல்யாணமாகி இருபத்துரெண்டு வருஷம் ஆச்சு. என்னென்னவோ சந்தேகப்பட்டிருக்க. இது புதுசா இருக்கே" என்றார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் வாங்கிக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை காலை யாரையும் பூச்சு அறைக்குள் விடாமல் எல்லாரையும் வாசலிலேயே உட்கார வைத்தேன். இரண்டு எண்ணும் வந்தன. ஊசிக்கு எண்பத்தெட்டு. ஆறு வருஷத்தில் அவளுக்கு வந்ததிலேயே அதிகம். பகலெல்லாம் மேசையிலும், வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் கோட்டின் அடியிலுமாக அவள் இரண்டு இடத்திலும் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். என் கணவருக்கு ஒன்பது.

மானேஜர் நான் சொன்னதையெல்லாம் நின்றுகொண்டே கேட்டார். பிறகு உட்கார்ந்தார்.

"எண்பத்தெட்டு நூறைத் தாண்டலயே மேடம். மத்ததெல்லாம் ஒரு பொண்ணு பாட்டிலை மாத்தினதால வந்த வினை. கெட்டுப்போன சாம்பிள்னு எழுதி ஓரமா வைங்க. மெஷினை நாளைக்கே ரிப்பேர் பண்ணிடுறேன். கோட்டை உள்ளயே வெச்சுக்கலாம். யாருக்கும் தெரியப்போறதில்ல."

"எட்டு வாரமா இதைத்தான் கேட்டேன் சார்."

"அதான் பண்றேன்னு சொல்றேனே."

"பதினெட்டு வீடு சார். சில வீட்டுல குழந்தைங்க இருக்காங்க."

"ஒரே ஒரு பாட்டிலை வெச்சு எப்படிச் சொல்றீங்க?"

"ரெண்டு பாட்டில். இன்னொண்ணு எங்க வீட்டுக்காரரோடது."

அவர் மெதுவாகத்தான் சொன்னார், மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. "அந்த நோட்டீஸ்ல கையெழுத்து உங்களோடது. முதல்ல போறது உங்க சான்றிதழ்தான்."

"தெரியும்" என்றேன். தெரிந்திருந்தும் பயமாகத்தான் இருந்தது. இந்த வேலையைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது. என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு போன் செய்தேன். என் பெயரையும் என் சான்றிதழ் எண்ணையும் முதலில் சொல்லிவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னேன். பன்னிரண்டாம் எண் ஏன் பாட்டிலை மாற்றினாள் என்று கேட்டார்கள். சொந்தக் காரணம், உங்கள் டாக்டரிடம் மட்டும் சொல்வேன் என்றேன்.

அன்று மதியமே இரண்டு ஆய்வாளர்கள் வந்தார்கள். பூச்சு அறையைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். கோட்டுகளைப் பீப்பாயில் அடைத்தார்கள். பதினெட்டு வீட்டுக்கும் காலி பாட்டில் போனது, கைக்குழந்தைக்குச் சிறுநீர் பிடிக்க ஒட்டுகிற பைகூடப் போனது. விசாரணை முடியும்வரை என் சான்றிதழ் செல்லாது. அளப்பது அவர்கள். பாட்டிலை வாங்கி அடுக்கி வைக்க மட்டும் எனக்கு அனுமதி.

பூச்சு அறை பூட்டியிருப்பதால் பெண்கள் உட்கார வேறு இடம் இல்லை. மானேஜர் பதினெட்டுப் பேரையும் பேக்கிங் அறைக்கு அனுப்பினார். நான்கு பேருக்கான மேசையைச் சுற்றிப் பெட்டி மேலும் சாக்கு மேலும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். இரண்டு நாள் எல்லாரும் என்னைப் பார்க்காமல் பேசினார்கள். அது நியாயம்தான். லவுட்ஸ்பீக்கரின் சின்ன மகனுக்கு நான்கு வந்திருந்தது. அவள் என் அறைக்கு வந்து, சத்தமே இல்லாமல், "நீங்களா மேடம் இப்படி?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவள் கத்தியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அடுத்த வியாழக்கிழமை பாட்டில் வாங்கப் போனேன். கதவில் நின்றபோது லவுட்ஸ்பீக்கர் உள்ளே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"யாராவது கேட்டா, பதினெட்டுப் பேருக்கும் ஒரே நேரத்துல விசேஷம்னு சொல்லிடுங்கடி. மானேஜருக்கு மயக்கம் வரட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். ஊசியும் சிரித்தாள். பதினெட்டுப் பேரில் ஒருத்தியாக நடுவில் உட்கார்ந்து அட்டைப் பெட்டி மடித்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அறைக்குள் அவள் எதற்கு வந்தாள் என்று இந்தத் தடவை யாருக்கும் தெரியாது.

பாட்டிலோடு எழுந்து கதவுவரை வந்தாள். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "ஒண்ணும் ஆகாதுல்லக்கா?" என்றாள். இதுவரை மேடம் என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

பதில் வாய்வரை வந்துவிட்டது. பதினொரு வருஷமாகச் சொன்ன அதே பதில். அதையும் முதல்முறையாகச் சந்தேகப்பட்டேன்.

"தெரியாதும்மா" என்றேன். "சின்ன அளவுதான்னு டாக்டர் சொல்றார். போன வாரம் எண்பத்தெட்டு. திங்கக்கிழமை எடுத்தது அறுபத்தஞ்சு. இறங்குது. அது வரைக்கும்தான் எனக்குத் தெரியும். இறங்கற வரைக்கும் ஒவ்வொரு எண்ணையும் உங்கிட்ட வந்து சொல்றேன்."

அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். நான் எதையாவது மறைக்கிறேனா என்று பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். பிறகு பாட்டிலை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். கையில் வெதுவெதுப்பாக இருந்தது.